நினைவாற்றல் 38 என்றால் என்ன பொருள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் 'நினைவாற்றல் பரிசோதனை' நடத்தியதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் பெரிய படத்தோடு செய்தி வந்திருந்தது. பிள்ளைக்கு அரை மணி நேரம், முடிவில் வண்ண அட்டையில் ஓர் எண். அடுத்த வாரம் வாசகர் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், இதெல்லாம் காசு பறிக்கும் வேலை, பத்துக் குறள் ஒப்பிக்கச் சொன்னால் பிள்ளையின் நினைவாற்றல் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தார். இரண்டையும் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த அட்டையை நம்புவதும் தப்பு, அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்பதும் தப்பு.

நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்த்தவள். தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கத்துப் பள்ளிகள். பரிசோதனை செய்யும் உளவியலாளர் அல்ல நான். பிள்ளையையும் அம்மாவையும் முகாமுக்கு அழைத்துப் போவது, முடிவு வந்த பிறகு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து விளக்குவது, இதுதான் என் வேலை. அந்தக் காகிதம் ஒரு வீட்டுக்குள் போனதும் என்னவெல்லாம் நடக்கிறது என்பதைச் சோதித்தவரைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த எண். அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் அம்மா எங்கள் தெருவில் இருக்கிறார். அவன் அட்டையில் 38 என்று இருந்தது. "35 எடுத்தாத்தானே பாஸ், மூணு மார்க்ல தப்பிச்சிருக்கான் அக்கா" என்று அழுதுகொண்டே காட்டினார். அது மார்க் அல்ல. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேர் இருந்தால், ஏறக்குறைய 38 பேர் இவனைவிடக் குறைவாகச் செய்திருப்பார்கள் என்பதுதான் அதன் பொருள். பர்சன்டைல் என்பார்கள். 25-லிருந்து 75 வரை எங்கே நின்றாலும் சராசரிதான், கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் செய்தியிலும் அதை 'சதவீதம்' என்றே அச்சிட்டிருந்தீர்கள். எத்தனை வீட்டில் இப்படி அழுதார்களோ.

அந்தப் பையனிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். "நம்பர் சொன்னாங்க ஆன்ட்டி, அப்படியே திருப்பிச் சொல்லணும். அப்புறம் கடைசியிலேர்ந்து முன்னால சொல்லணும்" என்றான். வேறொன்றும் இல்லையாம். இதற்கு டிஜிட் ஸ்பான் என்று பெயர். 1887-ல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர் பள்ளி மாணவிகளிடம் செய்து பார்த்தது. இன்றும் உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளில் ஒரு பகுதியாக இருக்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் அது பார்ப்பது ஒன்றே ஒன்றை: காதில் விழுந்ததைச் சில நொடிகள் மனதில் பிடித்து வைத்திருக்க முடிகிறதா என்பதை. கவனம் சிதறும் பிள்ளை அதில் தடுமாறும். அதே பிள்ளை போன வருடத் திருவிழாவில் யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று சொல்லும். இந்தப் பக்கம் இப்படியென்றால் அந்தப் பக்கம் இன்னும் மோசம். எண்களைச் சரளமாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு நினைவாற்றலில் பெரிய கோளாறு இருக்கலாம்.

இதை நான் ஒரு சிறுமியிடம் கண்டேன். சிறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள். ஆறாம் வகுப்பு. பேச்சு சுத்தம், வாசிப்பு சுமார், சொன்னதை உடனே அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று மதியம் கேட்டால் விழிப்பாள். புத்தகப் பையை எங்கே வைத்தாள் என்று தெரியாது. பக்கத்துத் தெரு மாமா வீட்டுக்குத் தனியாக அனுப்பினால் வழி தவறிவிடுவாள். வகுப்பில் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். முகாமில் எண்கள் கேட்டார்கள், வயதுக்கு ஏற்ற மாதிரி சொன்னாள், 'நினைவாற்றல் இயல்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் அம்மா படிக்காதவர். "இயல்புன்னா எதுக்கு டீச்சர் தினமும் தொலைஞ்சு போறா?" என்று கேட்டார். எந்த நிபுணரும் கேட்காத சரியான கேள்வி அது. அப்புறம் பஸ் ஏறி பெங்களூர் போய் ஒரு மருத்துவமனையில் முழுச் சோதனை செய்தோம். ஒரு குட்டிக் கதை சொல்லி உடனே கேட்டபோது ஓரளவு சொன்னாள். அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு மறுபடி கேட்டபோது, கதை சொன்னதே அவளுக்கு நினைவில்லை.

இது எழுதப்படாத விஷயம் அல்ல. 1997-ல் லண்டனில் ஃபரானே வர்கா-காதெம் தலைமையிலான குழு இப்படிப்பட்ட மூன்று பேரைப் பற்றி எழுதியது. ஒருவருக்குப் பிறக்கும்போதே, மற்ற இருவருக்கு 4 வயதிலும் 9 வயதிலும் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சேதமானது. மூவரும் சாதாரணப் பள்ளியில் படித்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள், பொது அறிவும் ஓரளவு வளர்ந்தது. ஆனால் அன்றாடம் நடந்தது எதுவும் தங்கவில்லை. அவர்களுக்கும் எண்களை உடனே திருப்பிச் சொல்வது ஒரு பிரச்சினையாக இல்லை. அந்த ஓசூர் பள்ளியின் அரை மணி நேரச் சோதனைக்கு அவர்களை அனுப்பியிருந்தால் பச்சை அட்டை வாங்கியிருப்பார்கள்.

சிறிது நேரம் விட்டு மறுபடி கேட்பதுதான் நினைவாற்றல் சோதனையின் உயிர். இருபது நிமிடமோ அரை மணி நேரமோ நடுவில் போக வேண்டும். முகாமில் அறுபது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்த அரை மணி நேரம்தான். செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. மாலைக்குள் முடிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு.

முகாம் என்றதும் இன்னொன்று. சொற்பட்டியல் சோதனை ஒன்று உண்டு. பதினைந்து சொற்களை வாசித்து, நினைவிருப்பதைச் சொல்லச் சொல்லி, இப்படி ஐந்து முறை. (அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பக்கத்தைப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சோதனை பயன்படாமல் போகும்.) நாங்கள் போன முகாமில் அறைக்குக் கதவு இல்லை, ஒரு ஸ்கிரீன் மட்டும். உள்ளே சொல்வது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் தெளிவாக விழுந்தது. வரிசையில் கடைசியாக இருந்த பையன் உள்ளே போவதற்கு முன்பே பட்டியல் முழுவதையும் எனக்கு ஒப்பித்துக் காட்டினான், கைதட்டல் வேறு எதிர்பார்த்தான். அவனுக்குச் சிறப்பான மதிப்பெண். முதலில் போன பெண் குழந்தைக்கு 'குறைவு'.

எண்களை வாசிப்பதிலும் முறை உண்டு. நொடிக்கு ஒன்று, ஏற்ற இறக்கம் இல்லாமல். நம்மில் பலர் செல்போன் நம்பர் சொல்வது போல இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லிவிடுவோம். அப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்வது சுலபம், மதிப்பெண் கூடும். வேகமாகச் சொன்னாலும் கணக்கு மாறும். ஒரே பள்ளியில் இரண்டு மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து இரண்டு விதமாக வாசித்தால், அந்த மதிப்பெண்களை ஒன்றோடொன்று எப்படி ஒப்பிடுவது?

எங்கள் பக்கத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மொழி. தளி பக்கத்தில் வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ், எண்கள் மட்டும் எல்.கே.ஜி. முதல் 'ஒன் டூ த்ரீ'. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒடியாவும் இந்தியும். இந்தப் பிள்ளையிடம் எண்களை எந்த மொழியில் சொல்வது? சோதிப்பவருக்குத் தெரிந்த மொழியில், அவ்வளவுதான். இது சின்ன விஷயமாகத் தோன்றும். 1980-ல் எல்லிஸ், ஹென்னெலி என்ற இருவர் வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளின் டிஜிட் ஸ்பான் ஏன் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைவிடக் குறைகிறது என்று ஆராய்ந்தார்கள். வேல்ஷ் மொழியில் எண்களின் பெயரைச் சொல்லி முடிக்க ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகிறது. மனதுக்குள் சொல்லிக்கொண்டே பிடித்து வைக்கும் வேலை என்பதால், பெயர் நீண்டால் பிடிக்கும் எண்ணிக்கை குறைகிறது. பிள்ளைகளின் மூளையில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை 'செவன்' ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே மூச்சில் முடியும் ஓரசைச் சொற்கள். தமிழில் பேச்சு வழக்கில் சொன்னாலும் எல்லாமே இரண்டசை, மூன்றசை. தெலுங்கில் எட்டு என்பது எனிமிதி, ஒன்பது என்பது தொம்மிதி. எந்த வயதுக்கு எவ்வளவு சராசரி என்று காட்டும் அட்டவணை ஒன்று ஒவ்வொரு சோதனைக்கும் உண்டு. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்துத் தயாரித்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தளிப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்தால் அது குறைவாகத்தான் தெரியும். அந்தந்த மொழிப் பிள்ளைகளை வைத்தே அட்டவணை தயாரித்திருந்தால் சரி. உங்கள் செய்தியில் வந்த பள்ளி எந்த அட்டவணையை வைத்து 38 என்று போட்டது? செய்தியாளர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அட்டவணைக்கு வயதும் உண்டு. நம் நாட்டில் சான்றிதழுக்காக அதிகம் பயன்படும் ஓர் அறிவுத்திறன் சோதனை, மாலின் என்பவர் நாக்பூரில் அமெரிக்க வெக்ஸ்லர் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி 1969-ல் கொண்டுவந்தது. எம்.ஐ.எஸ்.ஐ.சி. என்பார்கள். அதிலும் டிஜிட் ஸ்பான் உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகள் இத்தகைய சோதனைகளில் கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதை ஜேம்ஸ் ஃபிளின் 1980-களிலேயே பல நாட்டுக் கணக்குகளை வைத்துக் காட்டிவிட்டார். ஆகவே என் அம்மா காலத்துப் பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் மதிப்பெண் உள்ளதைவிட மேலே காட்டும். மொழி கீழே இழுக்கிறது, பழைய அட்டவணை மேலே தள்ளுகிறது, நடுவில் எங்கோ வந்து நிற்கும் எண்ணைச் சான்றிதழில் மையால் எழுதுகிறோம்.

அந்த எண்ணால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்குப் போக அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) 85-க்கு மேல் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அறிவுசார் குறைபாடு என்றால் 70-க்குக் கீழே. அந்த வழிகாட்டுதலின்படி இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு. எல்லோருக்கும் தெரியும், ஒரே பிள்ளை ஒரு நாள் நாலைந்து புள்ளி கூட எடுக்கும், இன்னொரு நாள் குறைய எடுக்கும். காய்ச்சல் வந்த மறுநாள், ராத்திரி முழுக்கத் தூங்காத நாள், காதில் சீழ் வைத்த நாள். வலிப்புக்குத் தரும் சில பழைய மாத்திரைகள் பிள்ளையைத் தூங்கி வழிய வைக்கும். எண்களை வாசித்தவர் கொஞ்சம் வேகமாக வாசித்ததால் 86 எடுக்க வேண்டிய பிள்ளை 84 எடுத்து அந்த ஒரு மணி நேரத்தை இழக்கிறது.

பிள்ளை முயற்சி செய்ததா என்பது அடுத்த கேள்வி. பிள்ளைகள் நடிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கிறோம். 1988-ல் டேவிட் ஃபாஸ்டும் இன்னும் இருவரும் ஒரு குறும்பான ஆராய்ச்சி செய்தார்கள். 9 முதல் 12 வயதுள்ள மூன்று நல்ல பிள்ளைகளிடம், நரம்பியல் உளவியல் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்யுங்கள், ஆனால் நடிப்பது தெரியக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். எப்படி நடிப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. முடிவுகளை 42 நிபுணர்களுக்கு அனுப்பினார்கள். 93 சதவீதம் பேர் பிள்ளைக்குக் கோளாறு இருக்கிறது என்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் மூளைப் பாதிப்பு என்றே சொன்னார்கள். நடிப்பு என்று ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இதற்குப் பிறகுதான், பிள்ளை மனது வைத்துச் செய்கிறதா என்று பார்க்கவே தனிச் சோதனைகளை வெளிநாடுகளில் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். டாம் என்ற சோதனையில் ஐம்பது படங்களைக் காட்டிவிட்டு, இரண்டிரண்டு படமாக வைத்து எதைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். கடினமாகத் தெரியும், உண்மையில் மிகச் சுலபம். நிஜமாகவே மறதி உள்ள பிள்ளைகள்கூடப் பெரும்பாலும் நன்றாகச் செய்துவிடுவார்கள். அதிலேயே ஒரு பிள்ளை மிக மோசமாகச் செய்தால், அன்றைய மற்ற மதிப்பெண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பொருள்.

நம் ஊர்ப் பிள்ளை பணத்துக்காக நடிப்பதில்லை. சீக்கிரம் முடிந்தால் அண்ணனோடு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும் என்பதற்காக "தெரியலை, தெரியலை" என்று சொல்லிக்கொண்டே போகும். தப்பாகச் சொன்னால் அடி விழும் என்று பழகிய பிள்ளை வாயே திறக்காது. வாய் திறக்காததும் 'பூஜ்யம்' என்றுதான் பதிவாகிறது. பெரிய கெட்டிக்காரப் பெற்றோர் சிலர் முதல் நாள் இரவு எண் சொல்லிப் பழக்கிவிட்டு அழைத்து வருவார்கள். வேறு சிலர் சான்றிதழ் கிடைக்கட்டும் என்று எதிர்த்திசையில் பழக்கிவிடுவார்கள். இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. குறள் ஒப்பிப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அது பல நாள் திரும்பத் திரும்பச் சொல்லிப் படிந்தது. எதுகை கைகொடுக்கும், மோனை கைகொடுக்கும், முதல் சீர் வந்தால் அடுத்தது தானே வரும். நான் சொன்ன அந்தச் சிறுமியும் முப்பது குறள் சொல்வாள், ஐயா. கற்றுக்கொடுத்தது யார், எப்போது என்று கேட்டால் தெரியாது. அவளுக்கு முழுச் சோதனை மட்டும் செய்யாமல் விட்டிருந்தால் இன்றும் திமிர் பிடித்தவள் என்றே திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். இப்போது கழுத்தில் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. எங்கே போக வேண்டும், பை எங்கே, மதியம் என்ன பாடம் எல்லாம் அதில். ஆசிரியர்கள் அன்றைய நாளின் கடைசியில் அவளோடு சேர்ந்து ஒரு பக்கம் எழுதுகிறார்கள்.

அதே நேரம் சோதனை அறைக்கு வெளியே பிள்ளை என்ன செய்கிறது என்பதை எழுதிவைக்க ஓர் இடம் அந்தப் படிவத்தில் வேண்டும் என்பதும் என் நீண்ட நாள் ஆசை. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் அப்பாவோடு நிற்கும் ஒரு பையன் எந்த விவசாயி எத்தனை கிரேட் இறக்கினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைக் காகிதம் இல்லாமல் சொல்வான். முகாமில் ஐந்து எண் தாண்டவில்லை. 1948-ல் ரஷ்யாவில் இஸ்தோமினா என்பவர், வெறும் பட்டியலாகக் கேட்பதைவிடக் கடை விளையாட்டில் வாங்கிவரச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் அதிகப் பொருள்களை நினைவில் வைக்கிறார்கள் என்று கண்டார். பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அப்படி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், விளையாட்டு என்றால் மந்திரம் அல்ல. ஆனால் 1981-ல் ஜூடித் கியரின்ஸ் ஆஸ்திரேலியாவில், பரப்பி வைத்த பொருள்களைக் கலைத்துவிட்டு அதே இடத்தில் வைக்கச் சொன்னபோது, பாலைவனப் பழங்குடிப் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். அதே பிள்ளைகளைத்தான் மற்ற சோதனைகள் மட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. செய்தியில் வராத ஒன்று நடந்திருக்கிறது. அந்தப் பள்ளியில் அட்டையில் 40-க்குக் கீழே எடுத்த பிள்ளைகளைத் தனிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் தெருப் பையன் அதில் ஒருவன். 38 எடுத்தவன் சராசரி என்று நான் சொன்னதை அவன் அம்மா பள்ளியில் போய்ச் சொன்னபோது, பேப்பரிலேயே வந்துவிட்டது என்று உங்கள் இணைப்பை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த எண் சதவீதம் அல்ல, பர்சன்டைல் என்று அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வந்தால் அந்த அம்மா அதையும் எடுத்துக்கொண்டு போவார்.

இப்படிக்கு,
முன்னாள் சிறப்புப் பயிற்றுநர்,
தேன்கனிக்கோட்டை.
(பெயர் வெளியிட வேண்டாம். பெயர் தெரிந்தால் பிள்ளைகள் யார் என்பதும் தெரிந்துவிடும்.)